இரண்டு பக்கத் தாழ்ப்பாள்

பெரிய நகரத்துக்குச் சுற்றுலா போவது என்று முடிவு செய்ய அந்தக் குடும்பத்துக்கு ஒரு காலைச் சாப்பாட்டு நேரம் போதுமானதாக இருந்தது. போன இடத்தில் எங்கே தங்குவது என்று முடிவு செய்ய ஒரு மாதம் பிடித்தது. நாலு பேர் படுத்து எழுந்திருக்க ஓர் இடம் பார்ப்பதில் இத்தனை வில்லங்கம் இருக்கும் என்று பூட்டுக்காரர் கனவிலும் நினைக்கவில்லை.

பூட்டுக்காரர் என்றால் பூட்டு விற்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது அவர் வேலை. மருந்துக்கடையின் ஷட்டர் பூட்டு சிக்கிக்கொண்ட ஒரு காலையில், அந்தக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் இவரைக் கூப்பிட்டாள். வந்தார், திறந்தார், போனார். அதற்கப்புறம் அதே பூட்டு இன்னும் மூன்று தடவை சிக்கியது. நல்ல பூட்டு அப்படியெல்லாம் சிக்காது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இருவரும் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

மனைவிக்கு முந்தைய கல்யாணத்தில் இரண்டு பிள்ளைகள். அவர்களுடைய அப்பா காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்காமலே போய்விட்டார். சின்னவனுக்கு அப்போது ஒரு வயதுதான், அவனுக்கு அந்த முகம் நினைவில்லை. பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்த வாரமே 'அப்பா' என்று கூப்பிட ஆரம்பித்து, கூப்பிட்ட கையோடு ஒரு ஐஸ்கிரீமும் வாங்கிக்கொண்டான். பெரியவளுக்கு எல்லாமே நினைவிருக்கிறது. வயது பன்னிரண்டு. மகள் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் அவளைக் கேட்காமல் அப்படி எழுத யாருக்கும் உரிமை இல்லை, அதனால் இப்போதைக்குப் பெரியவள் என்றே இருக்கட்டும். அவள் பூட்டுக்காரரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு, "அம்மா, உப்பு அவர் பக்கத்துல இருக்கு" என்பாள். அவர் எடுத்துக் கொடுப்பார். அவள் உப்பைப் பார்த்து "தேங்க்ஸ்" என்பாள்.

இடம் பார்க்கும் பொறுப்பை அவர் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்தக் குடும்பத்துக்கென்று தான் செய்யப்போகும் முதல் பெரிய காரியம் இது என்று அவருக்கு நினைப்பு. வேலை முடிந்து வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

முதலில் கூட வேலை செய்கிறவர், தன் மச்சான் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்றார். மனைவியிடம் சொன்னபோது அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

"மச்சான் நல்லவரா?"

"தங்கமான மனுஷனாம்."

"அப்ப காலையில அவரோட ஒரு மணி நேரம் பேசணும். சாயங்காலம் வந்து எங்கெல்லாம் போனோம்னு ஒரு மணி நேரம் சொல்லணும். ஊரை எப்ப பாக்குறது?"

மச்சான் அதோடு போனார். அடுத்தது ஓர் அடுக்குமாடி வீடு. சமையலறை, துணி துவைக்கும் மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாம் உண்டு, குடும்பங்களுக்கு மிக ஏற்றது என்று போட்டிருந்தது. பூட்டுக்காரர் அதை உரக்கப் படித்துக் காட்டினார், பாவம்.

"யாரோட குடும்பத்துக்கு ஏத்தது?" என்றாள் மனைவி. "இங்க சமைச்சுத் துவைச்சுத் தேய்க்கிறத அங்க போய் செய்றதுக்கு எதுக்குங்க டிக்கெட் எடுக்கணும்? நான் இங்கயே செஞ்சுட்டுப் போறேன், நீங்க போய்ட்டு வாங்க."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தப் படத்தைத் தள்ளிவிட்டார். மூன்றாவதாக ஒரு ஹோட்டலில் குடும்ப அறை கிடைத்தது. ஒரே பெரிய அறை, அம்மா அப்பாவுக்கு ஒரு கட்டில், பிள்ளைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில், ஏறிப்போகச் சின்ன ஏணி. ஏணியைப் பார்த்த சின்னவன் அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மனைவிக்கும் பிடித்திருந்தது. பூட்டுக்காரர் பெருமூச்சு விட்டு, பதிவு செய்யப்போகிற நேரத்தில் பெரியவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரே ரூம்ல என்னால இருக்க முடியாதும்மா. நான் சித்தி வீட்டுல இருந்துக்கறேன். நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க."

கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று சொல்கிறமாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். மனைவியின் முகம் தொங்கிப்போனது. சின்னவன் ஏணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

பூட்டுக்காரருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஒரே அறையில் இருக்க முடியாது என்றதில் அவருக்கு வருத்தமில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு, இன்னும் பழகாத ஓர் ஆம்பிளையோடு ஒரே அறை என்றால் சங்கடம்தானே, அது தனக்கே தோன்றியிருக்க வேண்டாமா என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டார். 'நீங்க மூணு பேரும்' என்றாளே, அதுதான் நெஞ்சில் தைத்தது. அவளுடைய அம்மா, அவளுடைய தம்பி, தான் என்று மூன்று பேரை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, அவள் தனியாக இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். தான் வந்துதான் அவளைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளியதோ என்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் வராமல் இந்தப் பயணம் இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் மதியம், வேலை முடித்த ஒரு வீட்டுக்கு வெளியே டூல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு நாலாவது இடத்துக்குப் போன் போட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை, நடுவில் கதவு என்று போட்டிருந்த ஹோட்டல் அது.

"அந்த நடுக்கதவு எந்தப் பக்கம் திறக்கும்மா?"

வரவேற்பில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்தாள். "நல்லா திறக்கும் சார்."

"அது சரி. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு? இந்த ரூம்லயா, அந்த ரூம்லயா?"

"சார், காலையில ஃப்ரீயா சாப்பாடு உண்டு, நீச்சல் குளம் உண்டு..."

"இருக்கட்டும்மா. தாழ்ப்பாள்?"

இப்படி ஒரு வாடிக்கையாளரை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் நல்ல பெண், போனைக் கையில் வைத்துக்கொண்டே மாடிக்குப் போய்ப் பார்த்தாள். மூச்சு வாங்கியபடியே சொன்னாள். "ஒரு கதவு இல்ல சார், ரெண்டு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கு. இந்த ரூம்காரங்க கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாள், அந்த ரூம்காரங்க கதவுக்கு அந்தப் பக்கம். ரெண்டு பேரும் திறந்தாத்தான் வழி."

பூட்டுக்காரர் டூல்ஸ் பெட்டியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். இவ்வளவு நியாயமான கதவைப் பற்றி அவர் கேள்விப்பட்டு வெகு நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலம் பெரியவளுடைய அறை வாசலில் நின்று தட்டினார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் தட்டி, "நான்தான்" என்றார். அது அவர் தொழில் பழக்கம். ஆளில்லாத வீடாக இருந்தாலும் தட்டி, யார் என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டில் கை வைப்பார். வாசல்படிக்கு வெளியிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். உனக்கும் தம்பிக்கும் ஒரு அறை, தம்பி எங்களோடு படுக்கிறேன் என்றால் உனக்கே உனக்கு ஒரு அறை, உன் பக்கத் தாழ்ப்பாள் உன் கையில்.

அவள் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நான் தாழ் போட்டா யாருமே வர முடியாதா?"

"முடியாது."

"உங்களால முடியும்ல? எந்தப் பூட்டையும் திறந்துடுவீங்கன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்றாங்க."

பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "முடியும். அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனா தொடமாட்டேன்."

"நிஜமா?"

"என் தொழில் மேல சத்தியம். நீயா திறந்தாத்தான்."

அவள் கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். "உங்க பக்கத்துக் கதவு?"

"எங்க பக்கம் எப்பவும் திறந்தே இருக்கும். நீ உன்னோடதைத் திறந்தா நேரா உள்ள வந்துடலாம்."

"சரி, வரேன்" என்றாள். பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்துக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது குரல் உடைந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார்.

ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். பூட்டுக்காரன் வந்துபோன வீட்டில் கதவு திறந்து கிடந்தால் பழி யார்மேல் விழும்? அதனால் தொழிலுக்கு வந்த நாள் முதலாக, ஓர் இடத்தைவிட்டுக் கிளம்பும்போது கண்ணில் படுகிற கதவையெல்லாம் இழுத்துச் சாத்தி, தாழ் போட்டுவிட்டுத்தான் நகர்வார். இப்போது அவர் நினைக்கவே வேண்டியதில்லை, கை தானாகப் போய்விடும். கல்யாணமான புதிதில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியை வெளியே வைத்துத் தாழ் போட்டுவிட்டு வேலைக்குப் போனவர் இவர். அவள் அக்கம்பக்கத்தாரைக் கூவிக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஃப்ரிட்ஜ் கதவைக்கூட இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். இப்படிப்பட்ட ஆள், கதவு எப்பவும் திறந்தே இருக்கும் என்று ஒரு குழந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கிளம்புகிற அன்று மனைவி கறாராகச் சொன்னாள். "டூல்ஸ் பை வரக்கூடாது. லீவுன்னா லீவு."

"சேச்சே, எனக்கு எதுக்கு" என்றார். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் எண்ணெய்க் குப்பியும் அவர் காலுறைகளுக்குள் சுருண்டுகொண்டு கூடவே வந்தன.

ஹோட்டல் உயரமாக, குறுகலாக, சுத்தமாக இருந்தது. ஓர் அறையின் ஜன்னலிலிருந்து பின்பக்கத்துச் சுவரும் தண்ணீர்க் குழாய்களும் தெரிந்தன. இன்னொன்றின் ஜன்னலிலிருந்து தெருவும், எதிரே முழுக்கக் கண்ணாடியாலான ஒரு பெரிய கட்டடமும் தெரிந்தன. பூட்டுக்காரர் குழாய்களைத் தனக்கு வைத்துக்கொண்டு கண்ணாடிக் கட்டடத்தைப் பெரியவளுக்குக் கொடுத்தார். சின்னவன் அம்மாவோடு ஒட்டிக்கொண்டான். நடுவில் அந்த இரண்டு கதவுகளும் அந்தப் பெண் சொன்னபடியே இருந்தன.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அம்மா, இந்தத் தாழ்ப்பாள் மாட்ட மாட்டேங்குது."

"மாட்டலைன்னா விடேன்டி" என்றாள் மனைவி சந்தோஷமாக. அவளுக்கு அது மாட்டாமலே இருந்தால் நல்லது.

பூட்டுக்காரர் எழுந்தார். காலுறையை உருவி எண்ணெய்க் குப்பியை எடுத்தார். மனைவி பார்த்த பார்வையைக் காணாதவர்போல நடுக்கதவுவரை போய் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். பெரியவள் தலையாட்டினாள். தாழ்ப்பாளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அது போய் விழும் தகட்டைக் கொஞ்சம் தளர்த்திச் சரியான இடத்தில் முடுக்கினார். "இப்ப போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கம் வந்துவிட்டார். டக் என்று விழுந்தது. வேலை சுத்தம் என்று அவருக்குள் இருந்த தொழிலாளிக்குத் திருப்தி. தன்னை வெளியே நிறுத்துகிற தாழ்ப்பாளுக்குத் தானே எண்ணெய் போட்டுக் கொடுத்த மனுஷர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். மனைவி அவர் தலையை லேசாகக் கோதிவிட்டாள்.

மறுநாள் காலை சின்னவன் சீக்கிரமே எழுந்து பசி பசி என்று குதித்தான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "தூங்கட்டும், பாவம். நேத்து பூரா பயணம்" என்றாள் மனைவி. கீழே போய்க் குழந்தைக்கு ரொட்டியும் முட்டையும் கொடுத்துவிட்டு, வரும்போது அவளையும் எழுப்பி மறுபடி கூட்டிப்போகலாம் என்று மூவரும் கிளம்பினார்கள். திரும்பி வந்து வராந்தா வழியாகத் தட்டியபோது பெரியவள் குளித்து, உடுத்தி, கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். பசிக்கவில்லை என்றாள். அதற்குமேல் என்ன கேட்டும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். கூரையிலிருந்து ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். சின்னவன் வாயைப் பிளந்தான். பூட்டுக்காரர் அதைத் தாங்கிய கொக்கிகளை வாயைப் பிளந்து பார்த்தார். பெரியவள் எப்போதும் கொஞ்சம் பின்னாலேயே நடந்தாள். இவர்கள் நின்றால் அவளும் தள்ளி நின்றாள். ஆற்றில் படகு விடும் இடத்தில் சீட்டு கொடுப்பவர் எத்தனை பேர் என்று கேட்டார்.

"நாலு" என்றார் பூட்டுக்காரர்.

"மூணுன்னே சொல்லியிருக்கலாம்" என்று பின்னால் முணுமுணுப்பு கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. படகில் ஒன்றரை மணி நேரம் பாலங்களைக் காட்டினார்கள். எந்தப் பாலமும் அவர் மனதில் பதியவில்லை. எங்கே தப்பு நடந்தது, சாப்பாடா, அறையா, நான் ஏதாவது சொல்லிவிட்டேனா என்று அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஹோட்டல் வராந்தாவில் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "என்னதான்டி உன் பிரச்சினை? காலையிலருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்க?"

பெரியவள் சாவி அட்டையைக் கதவில் வைத்தபடி, அம்மாவைப் பார்த்தே சொன்னாள். "எப்பவும் திறந்தே இருக்கும்னு சொன்னாரு. காலையில நான் என் கதவைத் திறந்தேன். அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டினேன், யாருமே இல்ல. மூணு பேரும் என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க. நான் சித்தி வீட்டுலயே இருந்திருப்பேன்." சொல்லிவிட்டு உள்ளே போனாள். மனைவி பின்னாலேயே போக, கதவு சாத்திக்கொண்டது.

"நான் போடலையே" என்று பூட்டுக்காரர் சாத்திய கதவிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். காலையில் சின்னவனுக்குச் செருப்பு மாட்டிவிட்டது, விளக்கை அணைத்தது, நடுக்கதவைத் தாண்டும்போது இந்தக் கை ஒரு தரம் நீண்டு மடங்கியது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பாவி, போட்டுத்தான் விட்டிருக்கிறாய் என்று அந்தக் கையை அவர் மனதாரத் திட்டினார்.

அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். சற்றுக் கழித்து மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எதுக்குக் கதவைத் திறந்தாளாம் தெரியுமா? எதிர்க் கட்டடத்துல ஆளுங்க கயித்துல தொங்கிக்கிட்டுக் கண்ணாடி தொடைச்சாங்களாம். அதைக் காட்டுறதுக்குக் கூப்பிட வந்தாளாம்."

"தம்பியையா?"

"உங்களைங்க. அந்தக் கொக்கி எப்படிப் பூட்டிக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமாம்."

ஒரு வருஷமாக அவர் காத்திருந்த கதவு இன்று காலை திறந்திருக்கிறது. அதற்கு எதிரே அவரே ஒரு கதவைப் பூட்டிவிட்டு, கீழே முட்டைக்கு மிளகுத்தூள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"கைப் பழக்கம்னு சொன்னேன், அவ நம்பல" என்றாள் மனைவி. "மறுபடியும் தாழ் போட்டுட்டா. நீங்க அந்தக் கதவைத் திறந்து உள்ள போய் ரெண்டு வார்த்தை நேர்ல சொல்லுங்களேன். உங்களுக்கு என்ன, அரை நிமிஷ வேலை."

"தொடமாட்டேன்."

"சின்னப் பொண்ணுங்க அவ. அழுதுட்டிருக்கா."

"தெரியுது. ஆனா தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேன். ஒரு வாக்கை இன்னிக்கு உடைச்சாச்சு. இன்னொண்ணையும் உடைச்சுட்டுப் போய் மன்னிப்புக் கேட்டா அவ என்னை எதுக்கு நம்பணும்?"

அவர் எழுந்து நடுக்கதவுக்கு எதிரே நின்றார், தன் பக்கத்துக் கதவுக்கு. தாழ்ப்பாளை மட்டும் கழற்றிவிடலாமா என்று யோசித்தார். தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும் கை சும்மா இருக்காது, இழுத்துச் சாத்தும். சாத்திய கதவும் குழந்தைக்குப் பூட்டிய கதவுதானே. காலுறையைத் தேடி எடுத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"கதவு இருந்தாத்தானே சாத்துவேன்."

கீல்களுக்குள் நிற்கும் ஊசிகளை ஸ்க்ரூ டிரைவரை முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் கீழிருந்து தட்டினார். வருஷக்கணக்காகப் பெயின்ட் அடித்து அடித்து இறுகிப்போயிருந்தன. டங் டங் என்று ஹோட்டலே அதிர்ந்தது. சின்னவன் ஒவ்வொரு அடிக்கும் கட்டிலில் ஒரு குதி குதித்தான். கடைசி ஊசி வந்ததும் கதவு மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தது. மனைவி ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"லீவு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் கதவை விடவில்லை. இருவருமாகத் தூக்கிப்போய் அதைச் சுவரில் சாய்த்தார்கள்.

இப்போது பெரியவளுடைய கதவு மட்டும்தான் மிச்சம். பூட்டுக்காரர் அதன் முன்னால் போய்த் தட்டினார். "நான்தான்" என்றார்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "என்ன சத்தம் அது?"

"கதவைக் கழட்டிட்டேன்."

"எந்தக் கதவை?" குரலில் பயம் இருந்தது.

"என்னோடதைத்தான். உன்னோடதைத் தொடல."

"எதுக்கு?"

"என் கையை நம்ப முடியல. கதவுன்னு ஒண்ணு இருந்தா அது பாட்டுக்குச் சாத்திடுது. உங்கம்மாவையே மொட்டை மாடியில வச்சுப் பூட்டினவன் நான், கேட்டுப் பாரு." கொஞ்சம் நிறுத்தினார். பேச வராத மனுஷர், பூட்டைத் தவிர வேறு எதையும் பற்றி இத்தனை நேரம் பேசியதே இல்லை. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார். "காலையில உன்னை விட்டுட்டுப் போனது தப்பு. தூங்கட்டும்னுதான் போனோம், ஆனா எழுப்பிக் கேட்டிருக்கணும். நீ இல்லாம நாங்க மூணு பேர் போறதுன்னா எனக்கு இந்த ஊரே வேண்டாம். இந்த ரூமை நான் கதவுக்காகத்தான் புடிச்சேன், நீ வரணும்னுதான். எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்மா. உப்பு எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே அதைச் சொல்லிட்டிருந்தேன். அது பத்தாதுன்னு இப்பத்தான் தெரியுது. நீ திறக்கணும்னு இல்ல. இந்தப் பக்கம் கதவு கிடையாதுன்னு தெரிஞ்சா போதும். நான் இங்கயே..."

அதற்குமேல் பேச முடியவில்லை, ஏனென்றால் நெற்றிக்கு முட்டு இல்லாமல் போய்விட்டது. அவரே போட்ட எண்ணெய் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. தாழ்ப்பாள் எப்போது விலகியது என்று அவருக்குக் கேட்கவே இல்லை. தடுமாறி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பெரியவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு நிலையில் வெறுமனே நின்ற கீல்களைப் பார்த்தாள்.

"நிஜமாவே கழட்டிட்டீங்களா?"

"ஆமா."

"திரும்ப மாட்டத் தெரியுமா?"

"கழட்டத் தெரிஞ்சவனுக்கு மாட்டத் தெரியாதா? ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு மாட்டிடலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "அந்தக் கயித்து ஆளுங்க நாளைக்கும் வருவாங்களா?"

"வருவாங்க. பாதிக் கட்டடம்தானே முடிஞ்சிருக்கு." அவர் அதற்குள் அவள் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டிருந்தார், வாசல்படிக்கு இந்தப் பக்கமிருந்தே. "காலையில கூப்பிடு, அந்தக் கொக்கி எப்படின்னு காட்டுறேன்."

"உள்ள வந்தே பாக்கலாம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வராந்தாக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். மனைவி திறந்தாள். கழுத்துப் பட்டை கோணிப்போன ஹோட்டல் மேனேஜர், மூச்சிரைக்க நின்றார். கீழ் மாடிக்காரர்கள் கட்டடம் இடிகிறது என்று புகார் செய்தார்களாம். சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், சுவரில் சாய்ந்திருந்த கதவைப் பார்த்து நின்றுவிட்டார். நிலையைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது... இதை யார் பண்ணது?"

மனைவி கூரையைப் பார்த்தாள். சின்னவன் கட்டிலில் நின்றபடி, கேட்பதற்கு முன்பே பூட்டுக்காரரை நோக்கி விரலை நீட்டிவிட்டான். பூட்டுக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தார்.

அதற்குள் மகள் நடுவழியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நாங்கதான் சார்" என்றாள். "நாங்க நாலு பேரும்."

பூட்டுக்காரர் சட்டென்று கீழே குனிந்து, கம்பளத்தில் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார். வெகு நேரம் தேடினார். அது அவர் கையிலேயேதான் இருந்தது.